கிச்சன் சிங்க்கில் கீறல் விழுந்தா துருப்பிடிக்குமா? எவர்சில்வர் தந்த ஹாரி பிரியர்லியின் கதை!

புதுசா வாங்கிப் பொருத்திய சிங்க். கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்காம, மெல்லிய கோடு கோடாக, மங்கலாக மின்னும் ரகம். கடைகளில் மேட் பினிஷ், பிரஷ்டு பினிஷ் என்று சொல்வாங்களே, அதுதான். சிங்காநல்லூரில் எங்க வீட்டில் அதை மாட்டி மூணு நாள்கூட ஆகியிருக்காது. ஊரில் இருந்து வந்த பெரியம்மா, சும்மா உட்கார மனசில்லாம, இரும்புக் கம்பி நாரை எடுத்து வட்ட வட்டமாகத் தேய்ச்சுட்டாங்க. கோடுகளுக்குக் குறுக்கே நூத்துக்கணக்கான கீறல். நாலாவது நாள் அங்கங்கே செம்பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் துரு.

அம்மா பெரியம்மாகிட்ட ஒண்ணும் சொல்லலை. ஆனா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: கீறல் வழியா உள்ள துரு ஏறிடுமா? சிங்க்கையே மாத்தணுமா கண்ணு?

பதில் இதுதான்: மாத்த வேண்டாம். அந்தத் துரு சிங்க்கோட துருவே இல்லை. கீறல் விழுந்த இடம் தன்னைத்தானே சரி பண்ணிக்கும் குணம் அந்த உலோகத்துக்கு உண்டு. அது எப்படி என்று தேடிப் போனபோதுதான் ஹாரி பிரியர்லி என்ற மனிதரின் வாழ்க்கை கண்ணில் பட்டது. பள்ளிப் படிப்பை 12 வயதில் விட்டவர், ஆய்வகத்தில் பாட்டில் கழுவியவர். இன்னைக்கு நம்ம வீட்டில் சோறு போடும் வட்டல் முதல் டம்ளர், போசி, சிங்க் வரைக்கும் எல்லாத்துக்கும் பின்னால் அவருக்கு ஒரு பங்கு இருக்கு. ஆனா முழுப் பங்கும் அவருடையது இல்லை. அதையும் பார்ப்போம்.

பாட்டில் கழுவிய பையன்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1871 பிப்ரவரி 18-ல் பிறந்தார் பிரியர்லி. கோவைக்குப் பம்ப்செட்டும் கிரைண்டரும் எப்படியோ, ஷெஃபீல்டுக்குக் கத்தியும் எஃகும் அப்படி. தெருவுக்குத் தெரு பட்டறை, ஊர் முழுக்கப் புகை. அப்பா ஜான், எஃகு உருக்கும் உலையில் வேலை பார்த்த தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் அதிகம், இடமோ குறைவு, காசு அதைவிடக் குறைவு.

அதனால் 12 வயதில் ஹாரியின் படிப்பு நின்றது. அப்பா வேலை பார்த்த தாமஸ் ஃபிர்த் அண்ட் சன்ஸ் எஃகு ஆலையிலேயே கூலி வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் ஆலையின் ரசாயன ஆய்வகத்துக்கு எடுபிடிப் பையனாக மாற்றினார்கள். பாட்டில் கழுவுவது, மேசை துடைப்பது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது, இதுதான் வேலை. ஆனால் அங்கே இருந்த ஜேம்ஸ் டெய்லர் என்ற வேதியியலாளர் பையனைக் கவனித்தார். கணக்கும் வேதியியலும் படிக்கச் சொல்லித் தூண்டினார். பகலில் ஆய்வகம், ராத்திரியில் மாலை நேர வகுப்பு என்று வருஷக்கணக்கில் ஓடியது. ஆய்வகத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர், அதே துறையில் உலோகப் பகுப்பாய்வாளர் ஆனார். 1895-ல் ஹெலன் கிராங்கைத் திருமணம் செய்தார். 1902-ல் ஃபிரெட் இபட்சன் என்பவருடன் சேர்ந்து, எஃகு ஆலைப் பொருள்களைப் பகுத்தாய்வது பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார்.

இந்த இடத்தில் கோவைக்காரங்களுக்கு ஒருவர் ஞாபகம் வராமல் இருக்காது. கலங்கலில் பிறந்த நம்ம ஜி.டி.நாயுடுவும் பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போகாதவர்தான். வாங்கிய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக் கற்றுக்கொண்டவர். சவரத்துக்கான மின் ரேசர் செய்தவர். பிரியர்லி தன் பெரிய கண்டுபிடிப்பைச் செய்த 1913-ல் நாயுடுவுக்கு வயது 20. இருவரும் சந்தித்ததாகத் தேடிப் போக வேண்டாம், அது வேறு கதை. ஆனால் கையால் தொட்டுத்தான் எதையும் நம்புவது என்ற குணம் இரண்டு பேருக்கும் பொது.

1904-ல் பிரியர்லி ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த ரிகா நகருக்குப் போனார். இன்றைய லாட்வியாவின் தலைநகர் அது. ஃபிர்த் நிறுவனத்துக்கு அங்கே ஓர் ஆலை இருந்தது. 1905 புரட்சிக் கலவரத்தை அங்கிருந்தே பார்த்தார். ஷெஃபீல்டுக்குத் திரும்பியதும் ஃபிர்த், ஜான் பிரவுன் என்ற இரண்டு பெரிய எஃகு நிறுவனங்கள் சேர்ந்து 1908-ல் தொடங்கிய பிரவுன் ஃபிர்த் ஆய்வகத்துக்கு அவரையே தலைவராக்கினார்கள். பட்டம் இல்லாதவர், பட்டதாரிகள் இருக்கும் ஆய்வகத்துக்குத் தலைவர்!

கத்தியைத் துடைப்பதே ஒரு வேலை

அவர் கண்டுபிடித்ததன் அருமை புரியணும்னா, அதுக்கு முன்னால் சமையலறை எப்படி இருந்தது என்று தெரியணும்.

நம்ம பாட்டி காலத்து அரிவாள்மணையை நினைச்சுப் பாருங்க. எலுமிச்சம்பழத்தை நறுக்கினதும் இரும்பு கறுத்துப்போகும். கழுவித் துடைச்சு வைக்கலைன்னா மறுநாள் துரு. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கணும்னா உள்ளே ஈயம் பூசியிருக்கணும், இல்லைன்னா களிம்பு ஏறும். ஈயம் பூசுறவர் தெருவில் துருத்தியோடு வந்து உட்காருவார். புளியும் சாம்பலும் போட்டு விளக்குறதிலேயே பெண்களின் பாதி நாள் போகும்.

ஷெஃபீல்டு கத்திகளுக்கும் அதே பாடுதான். சாதாரண எஃகுக் கத்தியால் பழமோ, வினிகர் ஊற்றிய உணவோ வெட்டினால் கறை பிடிக்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் தூள் போட்டுத் தேய்க்கணும். வசதியான வீடுகளில் கத்தி துடைக்கவே கைப்பிடி சுற்றும் இயந்திரம் வைத்திருந்தார்கள். பழம் நறுக்க வெள்ளிக் கத்தி. இல்லாதவர்கள் கறுத்த கத்தியோடு காலம் தள்ளினார்கள்.

துப்பாக்கிக் குழாயில் ஆரம்பித்தது

ஆனால் பிரியர்லி கத்தியை நினைத்து ஆராய்ச்சியைத் தொடங்கவில்லை. துப்பாக்கிதான் காரணம். சுடச்சுட துப்பாக்கிக் குழாயின் உள்பக்கம் வெப்பத்தாலும் வாயுக்களாலும் அரித்துக்கொண்டே போனது. 1912-ல் இந்தப் பிரச்சினை அவரிடம் வந்தது. எஃகில் குரோமியம் சேர்த்தால் அதிக வெப்பத்தைத் தாங்கும் என்பது முன்பே தெரியும். அதனால் வெவ்வேறு அளவில் குரோமியம் கலந்து உருக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

1913 ஆகஸ்ட் 13-ல் ஒரு வார்ப்பு. அதில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம்.

எஃகின் உள் அமைப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க, மேற்பரப்பை மெருகேற்றி, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தால் லேசாக அரிப்பார்கள். அரித்தால்தான் அமைப்பு தெரியும். இந்த எஃகோ அரிபடவே மறுத்தது. சாதாரணமாக ஓர் ஆய்வாளருக்கு இது எரிச்சல் தரும் விஷயம், வேலை ஓடாது. பிரியர்லி நின்று யோசித்தார். அமிலத்துக்கே அசையாதது, சமையலறையில் என்ன செய்யும்? வினிகரை ஊற்றிப் பார்த்தார். எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பார்த்தார். கறையே இல்லை.

குப்பையில் வீசிய துண்டு மாதக்கணக்கில் துருப்பிடிக்காமல் மின்னியதைத் தற்செயலாகப் பார்த்தார் என்று ஒரு கதை பல இடங்களில் சுற்றும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வேலை நடந்த விதம் ஆய்வக மேசையில், அமிலக் குப்பியோடு. நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்த மாதிரியான கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்கணும்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். அந்த எஃகைச் சரியாகச் சூடாக்கிக் கடினமாக்கி, நன்றாக வழவழப்பாக மெருகேற்றினால்தான் துருவுக்கு எதிரான அதன் பலம் முழுசாக வெளிப்பட்டது. மேற்பரப்பு எவ்வளவு சீராக இருக்கோ அவ்வளவு நல்லது. இதை நினைவில் வச்சுக்கங்க, சிங்க் விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

வெட்டாத கத்தி செய்தவர் என்ற கேலி

துப்பாக்கியை விட்டுவிட்டுக் கத்தி செய்யலாம் என்று பிரியர்லி நிறுவனத்திடம் சொன்னார். மேலிடத்துக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. கத்தி தயாரிப்பாளர்கள் சிலருக்கு மாதிரி கொடுத்தார்கள். வந்த பதில்கள் மோசம். இதை அடிச்சு வளைக்க முடியலை, சாணை பிடிக்க முடியலை, கூர் நிக்கலை என்று புகார். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே கேலி செய்தது. துருப்பிடிக்காத கத்தி என்பதே ஷெஃபீல்டு கைவினைஞர்களுக்கு நம்ப முடியாத விஷயம். துரு என்பது எஃகின் இயல்பு, அதை மாற்றுவதாவது என்ற எண்ணம்.

திருப்பம் ஒரு பழைய பள்ளி நண்பர் மூலம் வந்தது. எர்னஸ்ட் ஸ்டூவர்ட், ஆர்.எஃப். மோஸ்லி என்ற கத்தி நிறுவனத்தில் மேலாளர். அவரும் முதலில் நம்பவில்லை. ஒரு துண்டை வாங்கி வினிகரில் போட்டுப் பார்த்தார், கறை ஏறலை. கத்தி அடித்துப் பார்த்தபோதோ, எஃகின் கடினத்தில் அச்சுக் கருவிகள் கெட்டன. அடுத்த முறையும் சரியாக வரவில்லை. பிறகு பிரியர்லியே பட்டறையில் பக்கத்தில் நின்று, எந்தச் சூட்டில் அடிக்கணும் என்று காட்டினார். கத்தி வந்தது.

பிரியர்லி அதைத் துருவில்லா எஃகு என்ற பொருளில்தான் அழைத்துக்கொண்டிருந்தார். கறைபடாதது என்ற பொருளில் ஸ்டெயின்லெஸ் என்ற சொல்லைப் போட்டவர் ஸ்டூவர்ட். வியாபாரிக்குத் தெரியும் எந்தச் சொல் விற்கும் என்று! வீட்டில் இருப்பவருக்குத் துருவைவிடக் கறைதான் தினமும் கண்ணில் படும் தொல்லை. தமிழ்நாட்டில் நாம அந்தச் சொல்லையும் எடுத்துக்கலை. எவர்சில்வர் என்றோம். எப்போதும் வெள்ளி!

கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைத்தது?

இங்கேதான் கதை கசக்கிறது. பிரியர்லி காப்புரிமை எடுக்கலாம் என்றார். பிரிட்டனில் நிறுவனம் எடுக்கவில்லை. ஆனால் எஃகு விலை போகத் தொடங்கியதும், அது நிறுவனத்தின் சொத்து என்றும், ஆராய்ச்சிக்கான பெயரும் பலனும் தங்களுக்கே என்றும் சொன்னார்கள். 12 வயதில் நுழைந்த நிறுவனத்தோடு மோதல் முற்றி, 1915-ல் வெளியேறினார் பிரியர்லி. போட்டி நிறுவனமான பிரவுன் பெய்லி ஆலையில் நிர்வாகியாகச் சேர்ந்தார். அவர் விட்டுப்போன ஆய்வகத் தலைவர் நாற்காலியில் வில்லியம் ஹாட்ஃபீல்டு உட்கார்ந்தார்.

அமெரிக்காவில் காப்புரிமைக்குத் தனியாக விண்ணப்பித்த பிரியர்லிக்கு 1916-ல் அது கிடைத்தது. அங்கேயும் எல்வுட் ஹேன்ஸ் என்பவர் அதே போன்ற எஃகுக்கு உரிமை கோரிக்கொண்டிருந்தார். கடைசியில் சண்டையை நிறுத்திவிட்டு, உரிமைகளை ஒன்றாக்கி ஒரே நிறுவனமாக நடத்தினார்கள். பிரிட்டனிலும் ஃபிர்த் நிறுவனத்தோடு சமரசமாகி, ஃபிர்த்-பிரியர்லி என்ற கூட்டு அமைப்பு 1917-ல் வந்தது. இதற்கிடையே முதல் உலகப் போர். புது எஃகு கத்திக்குப் போகவில்லை, விமான எஞ்சின் வால்வுகளுக்குப் போனது.

சரி, உலகத்திலேயே முதலில் இதைக் கண்டுபிடித்தவர் பிரியர்லிதானா? நேர்மையாகச் சொன்னால், முதல் என்ற பட்டத்துக்குப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தைத் தாங்கும் என்று பிரான்ஸின் பியர் பெர்த்தியே 1821-லேயே கவனித்தார். ஜெர்மனியின் க்ருப் நிறுவனத்தில் பென்னோ ஸ்ட்ராஸ், எட்வர்ட் மௌரர் இருவரும் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகுக்கு 1912-லேயே காப்புரிமைக்குப் போய்விட்டார்கள். பிரியர்லியின் எஃகில் நிக்கல் கிடையாது, அது கத்திக்கு ஏற்றது. நம்ம பாத்திரத்துக்கும் சிங்க்குக்கும் ஏற்ற, வளைந்துகொடுக்கும் 18/8 ரகத்தை, அதாவது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்ததை, 1924-ல் கொண்டுவந்தவர் அதே ஹாட்ஃபீல்டு. ஆக, அம்மாவின் காய்கறிக் கத்தி பிரியர்லி வழி வாரிசு, சிங்க் ஹாட்ஃபீல்டு வழி. என் பார்வையில் பிரியர்லியின் தனிப் பெருமை, இதை ஆயுதச் சாலையிலிருந்து சமையலறைக்கு இழுத்துக்கொண்டு வந்ததுதான்.

இரும்பு மற்றும் எஃகுக் கழகம் 1920-ல் அவருக்கு பெஸ்ஸெமர் தங்கப் பதக்கம் தந்தது. 1925-ல் பிரவுன் பெய்லியின் இயக்குநர் ஆனார்.

சரி, கீறலுக்கு வருவோம்

எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கணும். அந்தக் குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலம் போடும். சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதுதான் கவசம். கீறல் விழுந்தால் படலம் கிழியும். கிழிந்த இடத்தில் புதுசாக வெளியே வரும் குரோமியம் உடனே காற்றோடு சேர்ந்து மறுபடி படலம் போட்டுக்கும். பெயின்ட் அடித்த தகரத்தில் கீறல் விழுந்தால் போச்சு. குரோம் முலாம் பூசிய குழாய் உரிந்தால் போச்சு. எவர்சில்வரில் மேலிருந்து அடி வரைக்கும் ஒரே உலோகம் என்பதால் கவசம் தீர்ந்துபோகாது.

இதுக்கு ஆதாரம் வேணும்னா லேபுக்குப் போக வேண்டாம். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பாங்க இல்ல? இனிஷியல், ஊர்ப் பெயர், கல்யாணத் தேதி எல்லாம். அதுவும் வேணும்னே போட்ட கீறல்தான். எங்க பாட்டியின் வட்டலில் வெட்டிய எழுத்துகள் நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் துருவில்லாம அப்படியே இருக்கு.

அப்ப எங்க சிங்க்கில் வந்த துரு? கம்பி நாரில் இரண்டு வகை உண்டு. சுருள் சுருளா, தடிமனா வருவது பெரும்பாலும் எவர்சில்வரே, கீறல் போடுமே தவிர துருவைக் கொண்டுவராது. பஞ்சு மாதிரி மெல்லிசா இருப்பது சாதாரண இரும்பு. அதன் துகள்கள் கீறலுக்குள் ஒட்டிக்கிட்டு, அதுதான் துருப்பிடிக்கும். பெரியம்மா கையில் கிடைத்தது இந்த இரண்டாவது ரகம்.

பிரஷ்டு பினிஷ் என்பதும் உண்மையில் கீறல்தான், ஆலையில் உப்புத்தாள் போன்ற பெல்ட்டால் ஒரே திசையில் வரிசையாகப் போட்ட கீறல். நம்ம கீறல் அசிங்கமாகத் தெரியக் காரணம், அது அந்த வரிசைக்குக் குறுக்கே போவதுதான். அதனால் செய்ய வேண்டியது அழிப்பது இல்லை, வரிசையில் சேர்ப்பது.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணி போட்டு நல்லாக் கழுவித் துடைச்சிடுங்க. மண்ணோ தூளோ இருந்தால் அதுவே புதுக் கீறல் போடும். பிறகு வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும். தொட்டியின் அடியில் ஒரு திசையும், பக்கவாட்டில் இன்னொரு திசையும் இருக்கலாம், ஒவ்வொண்ணையும் தனியாப் பாருங்க. இப்போ கீறலின் குறுக்கே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் சிக்கலைன்னா மேலோட்டமான கீறல்தான். ஈரமான பச்சை நிற நார்ப்பட்டையில் கொஞ்சம் சோப்பு விட்டு, கோட்டின் திசையிலேயே நீளமாக, ஒரே அழுத்தத்தில் இழுங்க. வட்டமாகத் தேய்க்கவே கூடாது. கீறல் இருக்கும் ஒரே இடத்தையும் போட்டுக் குடையக் கூடாது, அங்கே மட்டும் திட்டாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரு சாண் தாண்டி இழுத்தால் சுத்தியுள்ள பகுதியோடு கலந்துடும். எதையும் முதலில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் செஞ்சு பார்த்துட்டு அப்புறம் நடுவுக்கு வாங்க.

நகம் சிக்குதுன்னா ஹார்டுவேர் கடையில் தண்ணியில் நனைச்சுத் தேய்க்கும் உப்புத்தாள் கேளுங்க. 400 நம்பர் போதும். நம்பர் கூடக்கூட நைஸ். தட்டையான மரத்துண்டில் சுத்தி, தண்ணி விட்டு, அதே திசையில் தேய்ச்சு, கடைசியில் நார்ப்பட்டையால் ஒரு தரம் இழுத்து ஒப்பேத்திடலாம். இது கீறலை நிரப்பும் வேலை இல்லை, சுத்தியுள்ள உலோகத்தைக் குறைக்கும் வேலை. அதனால் ஆழமான கீறலை முழுசா எடுக்கணும்னு அடம்பிடிக்காதீங்க. தகடு மெலிசா இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. கண்ணாடி போல் மின்னும் பாத்திரத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம், அதுக்குப் பாலிஷ் பட்டறைதான். கறுப்பு, தங்க நிறம் பூசிய சிங்க்கிலும், கைரேகை படாத கோட்டிங் உள்ள ஃபிரிட்ஜ் கதவிலும் கை வைக்காதீங்க, பூச்சு போயிடும்.

எல்லாம் முடிஞ்சதும் கழுவி, ஈரம் இல்லாமத் துடைச்சு, துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கோட்டின் திசையில் தடவித் துடைச்சால் மிச்ச மீதிக் கீறல் கண்ணுக்கு அடங்கும்.

உப்பும் ஆசிட்டும்தான் எதிரி

படலம் தன்னைத்தானே சரி பண்ணிக்கும்னு சொன்னேன். அதைச் செய்ய விடாத ஒண்ணு உண்டு, குளோரைடு. சமையல் உப்பில் இருப்பதும் அதுதான், பாத்ரூம் ஆசிட்டிலும் பிளீச்சிங் பவுடரிலும் இருப்பது அதன் உறவுக்காரங்கதான். இவை படலத்தைத் துளைத்து ஊசிக்குத்து போல் குழி போடும். வழவழப்பான மேற்பரப்பைவிடக் கீறல் நிறைந்த மேற்பரப்பில் உப்பும் அழுக்கும் சுலபமாகத் தங்கும். பிரியர்லி மெருகேற்றச் சொன்னதன் காரணம் இதிலிருந்தே புரியும். கல்லுப்பைக் காலிப் பாத்திரத்தின் அடியில் போட்டு ராத்திரி முழுக்க வைப்பது, ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் மாசக்கணக்கில் வைப்பது, இரண்டும் வேண்டாம். ஊறுகாய்க்கு ஜாடிதான் சரி.

தண்ணியும் முக்கியம். சிறுவாணித் தண்ணி வரும் வீட்டில் சிங்க் ஒரு மாதிரி இருக்கும், போர் தண்ணி மட்டும் வரும் வீட்டில் வேற மாதிரி இருக்கும். போர் தண்ணியின் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிஞ்சு, பார்க்கக் கீறல் மாதிரியே தெரியும். அதைக் கீறல்னு நினைச்சு உப்புத்தாளை எடுத்துடாதீங்க. எலுமிச்சைத் தோலாலோ வினிகராலோ துடைச்சுக் கழுவினால் போயிடும். 1913-ல் பிரியர்லி சோதிச்ச அதே இரண்டு பொருள்!

வாங்கும்போது காந்தம் ஒட்டலைன்னா அசல் 304 ரகம் என்று சிலர் சொல்வாங்க. அது பாதி உண்மை. நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்த விலை குறைந்த 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. அதோடு, பிரியர்லியின் அசல் எஃகில் காந்தம் நன்றாகவே ஒட்டும்! பில்லில் 304 என்று எழுதி வாங்குவதுதான் வழி.

ஷெஃபீல்டில் பிறந்த இந்த உலோகம் கொங்கு மண்ணிலேயே உருளத் தொடங்கியது 1980-களின் ஆரம்பத்தில். சேலம் உருக்காலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அங்கே உருட்டிய எவர்சில்வர் தகடுகள் நாடு முழுக்கப் போயின. கோவையின் வெட் கிரைண்டரும் இதோடு சேர்ந்து வளர்ந்ததுதான். 1955-ல் பி. சபாபதி தொடங்கி வைத்த அந்த இயந்திரத்தில், கல் அரைக்க, மாவைத் தாங்கி நிற்பது எவர்சில்வர் டிரம்.

டார்க்கீயில் கடைசி நாள்கள்

பிரியர்லி வயசான காலத்தில் ஷெஃபீல்டின் புகையை விட்டு, தென்மேற்கு இங்கிலாந்தின் கடற்கரை ஊரான டார்க்கீக்குப் போனார். 1941-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். கண்டுபிடிப்பு தொடர்பான விவரங்களுடன் அவர் எழுதிய இன்னொரு நூல், அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1989-ல்தான் வெளியானது. அதே 1941-ல் சம்பாதித்ததில் ஒரு பகுதியை வைத்து ஃபிரெஷ்கேட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். வசதியில்லாமல் தான் இழந்த படிப்பும் பயணமும் இசையும் தன்னைப் போன்ற பின்னணியில் பிறந்தவர்களுக்குக் கிடைக்கணும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. 1948 ஜூலை 14-ல், 77 வயதில் டார்க்கீயில் காலமானார்.

கண்டுபிடிப்பின் நூற்றாண்டான 2013-ல் ஷெஃபீல்டின் ஹோவர்டு தெருவில் ஒரு கட்டடச் சுவர் முழுக்க அவர் முகத்தை வரைந்தார்கள்.

எங்க வீட்டு சிங்க்? ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் முழுக்க எடுத்தது. பாதிக்கு மேல் கீறல் கோட்டோடு கலந்துடுச்சு. வடிகால் ஓட்டைக்குப் பக்கத்தில் வட்டமாக ஒண்ணு மட்டும் போகலை, அதை அம்மாவும் விட்டுட்டாங்க. பெரியம்மா அடுத்த தடவை வந்தப்ப, யாரும் சொல்லாமலே தேங்காய் நாரைக் கையில் எடுத்தாங்க.